வெறுமையான தளம்

யுத்தத் தாங்கிகளின் சிற்றுருவங்களைப் பிளாஸ்ரிக் துண்டுகளால் ஒட்டிச் செய்வோர் சங்கிலிப் பட்டை விடயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. சோவியத் தயாரிப்பான ரி-55 தாங்கியின் பழைய சங்கிலியென்றால் அதை இழுக்கும் பற்சக்கரத்தில் 13 பற்கள். இறப்பர் பொருத்திய பிந்திய சங்கிலியென்றால் 14. இதைப் பிறர் வீண் பிடிவாதம் என்பர். திருகோணமலையில் வாழும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் மருமகன் ஒருவர் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலின் சிற்றுருவைச் செய்துவருகிறார். எழுநூறில் ஒரு பங்கு அளவு. ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர் நீளம். பெட்டியைத் தயாரித்தது அவோஷிமா என்ற ஜப்பானிய நிறுவனம். 1942 ஏப்ரல் 9 அன்று அக்கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தவையும் ஜப்பானிய விமானங்களே.

தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையால் முதல்நாள் இரவே ஹேர்மிஸ் நமது துறைமுகத்தை விட்டு வெளியேறியது. அதன் சுவோட்ஃபிஷ் விமானங்கள் சீனக்குடாவில், கரையிலேயே தங்கிவிட்டன. விமானங்களைத் தாங்கவென்றே கட்டப்பட்ட கப்பல் ஒரு விமானமும் இன்றிக் கடலில் அகப்பட்டது. துணைக்கு அனுப்பப்பட்ட போர் விமானங்கள் சென்று சேர்வதற்குள் அது மூழ்கிவிட்டது. அதில் 307 பேர் மாண்டனர்.

மருமகனோ தளத்தில் விமானங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்.

“வெறும் தளமாக விட்டால் பார்க்க என்ன இருக்கு, மாமா?”

“தம்பி, நீர் எந்த நாளைய கப்பலைச் செய்கிறீர்?” என்று கேட்டேன்.

சீனக் கடலில் உலவிய 1930களின் ஹேர்மிஸ் என்றால் விமானங்கள் நிற்கலாம். ஆனால் பீடத்தில் அவர் பொறித்திருந்த திகதி 1942 ஏப்ரல் 9. அன்றைய செய்தியே அந்த வெறுமைதான். அதை விமானங்களால் நிரப்பினால், அந்த மனிதர்கள் எத்தகைய நிலையில் இறந்தார்கள் என்பது மறைந்துபோகும்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு இந்த ஆசை புதிதன்று. வெறுமையாகத் தெரியும் செய்தியில் அழகுக்காக ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கும். அந்த ஒரு வரியே செய்தியைப் பொய்யாக்கிவிடும்.

மருமகன் விமானங்களை அகற்றலாம். அல்லது திகதியை மாற்றலாம். இரண்டுமே நேர்மையானவை. விமானங்களும் அந்தத் திகதியும் ஒரே பீடத்தில் இருப்பதுதான் ஆகாது.