அந்த பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு?

எங்கள் ஊர் ரத்ததானக் குழுவுக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. மொத்தமே ஐந்து பக்கங்கள். குழுவின் வரலாறு, முகாம் போட்டோக்கள், யாரெல்லாம் ரத்தம் கொடுக்கலாம், முகவரி என்று நான்கு பக்கங்கள். அவற்றை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஐந்தாவது பக்கம்தான் முக்கியம். 'இந்த வாரம் அழைக்க வேண்டியவர்கள்' என்று தலைப்பு. கீழே இரண்டு பெயர்கள், இரண்டு செல்போன் எண்கள். அவ்வளவுதான்.

'கொடையாளர்கள் பட்டியலையே போட்டுவிடலாமே' என்று நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். போட்டால் லோன் வேண்டுமா என்று கேட்பவர் முதல் எல்லோரும் அந்த எண்களுக்கு அழைப்பார்கள். பெண் கொடையாளர்கள் பலர் எண்ணைப் பொதுவில் போடச் சம்மதிப்பதில்லை. அது நியாயம்தானே? தவிர, ஒருமுறை ரத்தம் கொடுத்தால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். இன்று யார் கொடுக்க முடியும் என்பது தினமும் மாறும் கணக்கு. அந்தக் கணக்கு குழுவின் செயலாளரான என் அப்பாவின் நீள நோட்டில் இருக்கிறது. அதன் நகல்தான் அந்தந்த வாரப் பொறுப்பாளர்களிடம் இருக்கும். நடுராத்திரி 2 மணிக்கு வருஷம் முழுக்க ஒரே ஆள் போன் எடுக்க முடியாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை இரவு பொறுப்பு கைமாறும். இணையதளத்தில் எண்களும் அன்றே மாற வேண்டும்.

மாற்றிக்கொண்டிருந்தவர் ஒரே ஆள்தான். எங்கள் தெரு அண்ணன். கல்லூரியில் படிக்கும்போது அவர் செய்து கொடுத்த தளம் இது. இருப்பதிலேயே மலிவான ஹோஸ்டிங் திட்டத்தில், வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டி ஓடுகிறது. இதை மேன்ஷன் வாடகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கட்டில் உங்களுடையது, குழாய் பொது, மொட்டை மாடிச் சாவி மேனேஜரிடம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். அதனால் யாரையும் உள்ளே போய் இஷ்டத்துக்குக் கட்டளை கொடுக்க விடமாட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது எஃப்.டி.பி. என்ற ஒரே ஒரு வாசல். ஃபைலை வைக்கலாம், எடுக்கலாம், அழிக்கலாம். வேறு எதுவும் செய்ய முடியாது.

(இந்த எஃப்.டி.பி.க்கு நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு. 1971-ல் அதன் முதல் வரையறையை எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச் மாணவர். அப்போது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தார். அரை நூற்றாண்டு தாண்டியும் எங்கள் ஊர்க் குழுவுக்கு அவர் போட்ட வழிதான்.)

அண்ணனுக்கு துபாயில் வேலை கிடைத்தது. சந்தோஷமாக வழியனுப்பினோம். போன பிறகும் ஞாயிறு தோறும் அங்கிருந்தே எண்களை மாற்றினார். பிறகு வேலை நேரம் மாறியது, தங்கும் இடம் மாறியது, லேப்டாப்பைத் திறக்கவே நேரம் இல்லை. இரண்டு வாரம் எண்கள் மாறாமலே நின்றன.

அந்த இரண்டாவது வாரத்தில், மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஒருவர் இரவில் அந்தப் பக்கத்தைப் பார்த்து அழைத்திருக்கிறார். முதல் எண்ணுக்குரியவர் ரயிலில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தார். இரண்டாமவர், 'நம்ம வாரம்தான் முடிஞ்சிடுச்சே' என்று போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. அந்தக் கணவர் வேறு வழியில் ஆள் பிடித்து, விடிவதற்குள் ரத்தம் கிடைத்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நம்மள நம்பித்தானேம்மா அந்த நம்பரைப் பார்த்திருப்பாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

குழுக் கூட்டத்தில் உடனே ஒரு தீர்வு வந்தது: பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடலாம். அந்த குரூப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டோர். நான் வேண்டாம் என்றேன். அந்த ஒரு பாஸ்வேர்டு கையில் இருந்தால் தளத்தை மொத்தமாக அழிக்கவும் முடியும். எண்ணை மாற்றி, 'ரத்தம் வேண்டுமா, முதலில் பணம் அனுப்பு' என்று ஏமாற்றவும் முடியும். நாற்பது போனில் ஒன்று தொலைந்தாலும் போதும். "அப்ப நீயே ஒரு வழி சொல்லு" என்றார் அப்பா.

நான் படித்தது இதழியல் டிப்ளமோ. வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். செய்தியை எழுதி, 'பப்ளிஷ்' அழுத்துவதோடு என் வேலை முடியும். ஆனால், எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டெக் டீம் அண்ணாவின் திரையில் அவ்வப்போது ஒரு பச்சை டிக் வருவதைப் பார்த்திருக்கிறேன். டீ இடைவேளையில் அவரிடம் கதையைச் சொன்னேன். "உங்க பிரச்னை பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குங்கிறது இல்லப்பா. ஒரு ஆளுகிட்ட இருந்தே ஆகணும்னு வெச்சிருக்கீங்க பாரு, அதான் பிரச்னை" என்றார்.

அவர் சொல்லித்தான் 'கிட்' என்பதை உட்கார்ந்து படித்தேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால், புரூஃப் பார்க்கும் யாருக்கும் இது புரியும். ஒரு பக்கத்தில் யார், எந்தத் தேதியில், எந்த வரியை, என்னவாகத் திருத்தினார்கள் என்று ஒவ்வொரு படியையும் அது பத்திரமாக வைத்துக்கொள்ளும். பழைய படிக்குத் திரும்பவும் போகலாம். அந்தப் படிகளை இணையத்தில் பொதுவாக ஓர் இடத்தில் வைக்க உதவுவது கிட்ஹப்.

இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்தோம். முதல் சனிக்கிழமை முழுக்க, சர்வரில் இருந்ததை எல்லாம் கீழே இறக்குவதிலேயே போய்விட்டது. இதைச் செய்யாமல் யாரும் தொடங்கக் கூடாது. எங்கள் பழைய முகாம் போட்டோக்கள் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. அந்த மலிவு சர்வரில் மட்டும்தான் இருந்தன. இங்கே இல்லாததை அங்கே அழித்துவிடும் வசதியும் இந்தக் கருவிகளில் உண்டு. தெரியாமல் அதை இயக்கியிருந்தால், முதல் முகாமில் ரத்தம் கொடுத்த, இப்போது உயிரோடு இல்லாத தாத்தாவின் போட்டோ போயிருக்கும்.

அடுத்த சனிக்கிழமைதான் வேலை. இப்போது நடப்பது இதுதான்: அப்பா தன் போனில் கிட்ஹப்பைத் திறந்து, இரண்டு வரிகள் மட்டும் உள்ள ஒரு ஃபைலில் பெயரையும் எண்ணையும் மாற்றிச் சேமிக்கிறார். உடனே கிட்ஹப்பின் இடத்தில் ஒரு தற்காலிகக் கம்ப்யூட்டர் உயிர்பெறுகிறது. எங்கள் ஃபைல்களை எடுத்துக்கொள்கிறது, எங்கள் சர்வரின் வாசலைத் தட்டுகிறது, மாறியதை மட்டும் ஏற்றுகிறது, பிறகு தானும் இல்லாமல் போய்விடுகிறது. 2019 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட இந்த வசதிக்கு 'ஆக்‌ஷன்ஸ்' என்று பெயர். எங்களுடையதைப்போல மூடிய களஞ்சியத்துக்கும் மாதம் 2,000 நிமிடங்கள் இலவசம். எங்களுக்கு ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் ஆனாலே அதிகம்.

பாஸ்வேர்டு? அதை கிட்ஹப்பில் 'சீக்ரெட்ஸ்' என்ற பெட்டிக்குள் போட்டாகிவிட்டது. கோயில் உண்டியல் மாதிரி, போடலாம். கைவிட்டு எடுக்க முடியாது. போட்ட நானே திரும்பப் பார்க்க முடியாது, புதிதாக மாற்றத்தான் முடியும். வேலை நடந்த விவரக் குறிப்பிலும் அது நட்சத்திரக் குறிகளாகத்தான் வரும். பாஸ்வேர்டை ஃபைலுக்குள்ளேயே எழுதி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது ஒருமுறை கிட்டுக்குள் போய்விட்டால், பிறகு அழித்தாலும் பழைய படியில் அப்படியே இருக்கும்.

டெக் அண்ணா இன்னொன்றிலும் கறாராக இருந்தார். தாய்ச்சாவியைக் கொடுக்கக் கூடாது. ஹோஸ்டிங் பக்கத்தில் புதிதாக ஓர் எஃப்.டி.பி. கணக்கு தொடங்கி, தளம் இருக்கும் அந்த ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் புழங்கும்படி பூட்டினோம். இந்தச் சாவி திருடு போனாலும் ஓர் அறைதான் போகும். மின்னஞ்சல், பேக்கப் எல்லாம் வெளியே பத்திரம். பழைய எஃப்.டி.பி., பாஸ்வேர்டை போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புவது போல வெளிப்படையாக அனுப்பும். அதனால் உறைபோட்டு அனுப்பும் எஃப்.டி.பி.எஸ். முறைக்கு மாறினோம். இப்படி வழியில் பாஸ்வேர்டு திருடு போன சம்பவத்துக்குப் பிறகுதான் 1995-ல் ஃபின்லாந்தின் டாட்டு இலோனென் எஸ்.எஸ்.ஹெச். என்ற பாதுகாப்பான வழியையே உருவாக்கினார். அது கொஞ்சம் விலை கூடிய திட்டங்களில் கிடைக்கும். எங்கள் மேன்ஷனில் இல்லை.

தெரிந்த முகவரியிலிருந்து வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று சொல்லும் சர்வர்களும் உண்டு. அங்கே இந்த வழி சிரமம்; ஒவ்வொரு முறையும் வேறு வேறு தற்காலிகக் கம்ப்யூட்டர் வருவதால் முகவரியும் மாறும். அப்படிப்பட்ட இடத்தில் சர்வரையே குறித்த நேரத்தில் வெளியே வந்து எடுத்துப்போகச் சொல்வார்கள். எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஏற்றுவதற்கு முன் நடக்கும் ஒரு குட்டிச் சோதனை. எண் பத்து இலக்கம் இருக்கிறதா? 6, 7, 8, 9-ல் ஒன்றில் தொடங்குகிறதா? வாரத்தின் தேதி எழுதியிருக்கிறதா? ஒன்று குறைந்தாலும் சிவப்புக் குறி காட்டி நின்றுவிடும்; தளத்தில் பழையது அப்படியே இருக்கும். தீபாவளி வாரத்தில் யாரோ அவசரத்தில் ஒன்பது இலக்கத்தோடு சேமித்துவிட, அது ஏறவே இல்லை.

பத்து இலக்கமும் சரியாக இருந்து, நடுவில் ஓர் எண் மட்டும் மாறிப்போனால் மெஷினுக்குத் தெரியாது. அதற்கு மனிதர்தான் வேண்டும். ஒருவர் மாற்றினால் இன்னொருவர் அந்த எண்ணுக்கு ஒரு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு 'சரி' சொல்வது என்று வைத்திருக்கிறோம். கிட்ஹப்பிலேயே இதைக் கட்டாயமாக்கலாம். ஆனால், மூடிய களஞ்சியத்துக்கு அந்த வசதி வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். திறந்து வைத்தால் இலவசம்தான்; ஆனால், பொறுப்பு முடிந்தவர்களின் எண்களும் பழைய படிகளில் ஊருக்கே தெரியும்படி கிடக்கும். அதனால் வாய்வார்த்தை விதியே போதும் என்று விட்டுவிட்டோம்.

எல்லோருக்கும் இது பிடித்துவிட்டதா என்றால், இல்லை. குழுவின் மூத்தவர் ஒருவர், "நான் எத்தனை மணிக்கு என்ன மாத்தினேன்னு பேரோட காட்டுது. என்னய்யா, என்னை வேவு பாக்குறீங்களா?" என்று கோபித்துக்கொண்டார். இரண்டு வாரம் தொடவே இல்லை. அப்பா அவர் வீட்டுக்கே போய், தன்னுடைய நீள நோட்டைக் காட்டியிருக்கிறார். "இதுல ரத்தம் குடுத்தவங்க பேருக்கு நேரா நீங்களும் நானும் கையெழுத்து போட்டிருக்கோமே சார், அது மாதிரிதான் இதுவும்." அடுத்த ஞாயிறு அவர் பெயரில் மாற்றம் ஏறியது. குறிப்பு எழுதும் இடத்தில் 'வணக்கம்' என்று மட்டும் போட்டிருந்தார்.

ஒன்று பாக்கி இருந்தது. யாருமே மாற்ற மறந்துவிட்டால், தானியங்கி என்ன செய்யும்? சும்மாதான் இருக்கும். அதனால் ஞாயிறு இரவு 7 மணிக்கு, வரும் வாரத்தின் தேதி ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் இன்னொரு வேலையை வைத்தோம். அங்கே கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால் மதியம் 1.30 என்று எழுத வேண்டும். சில சமயம் கொஞ்சம் தாமதமாகவும் ஓடும். தேதி இல்லையென்றால் எனக்கு மெயில் வரும். நான் அப்பாவுக்குப் போன் போடுவேன். இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறேன். மூன்று முறையும், "இதோ போட்டுக்கிட்டே இருக்கேம்மா" என்பதுதான் பதில்.

இப்போது ஏழு பேரால் அந்தப் பக்கத்தை மாற்ற முடியும். ஒருவருக்கும் சர்வர் பாஸ்வேர்டு தெரியாது. துபாய் அண்ணனும் அந்த ஏழு பேரில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிருந்து மாற்றம் ஏறியதும், அவர்தான் அங்கிருந்து எண்ணுக்கு அழைத்துப் பார்த்து 'சரி' சொல்கிறார். அந்தச் சாக்கில் ஊர்க்கதையும் பேசிக்கொள்கிறார்.

டொமைன் பெயர் மட்டும் இன்னும் அவருடைய கல்லூரிக் காலத்து மெயில் முகவரியில்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால், அவர் இங்கே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன பழைய சிம்முக்குத்தான் ஓ.டி.பி. வரும். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்துவிடாமல் இருக்க, மாதா மாதம் அப்பாதான் பணம் போட்டுக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வருகிறார். டிக்கெட் போட்டாகிவிட்டதாம்.