திராட்சைப் பந்தலின் கீழ் மூன்று நாள்

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் முத்தாபுதுப்பேட்டைப் பங்கில் ஒரு பேச்சு எழும்: "சாமி, இந்த முறை எங்கே போகலாம்?" வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் பலமுறை சென்று வந்தாயிற்று. சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறைக்கு முன் ஐந்து குடும்பத்தினர் வந்து, திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்றனர். எனக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. 25 ஆண்டுகளுக்கு மேலாகப் பீடத்தில் திராட்சை இரசத்தைக் கையிலேந்தி வருகின்றேன். அந்தக் கொடியைத் தோட்டத்தில் நின்று பார்த்ததில்லை.

அன்று மாலையே அக்குழுவிலுள்ள ஒரு தாய் தனியே வந்து நின்றார். "சாமி, அங்கே ஒயின் செய்கிற இடமெல்லாம் இருக்கிறதாமே? எங்கள் வீட்டுக்காரர் குடியை விட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. நாங்கள் வரலாமா?" என்றார். அவர் கணவர் தொழிற்சாலைத் தொழிலாளி, நல்ல உழைப்பாளி. பிள்ளைகளோ ரெயிலில் சன்னலோர இடம் யாருக்கு என்று அதற்குள் சண்டையே தொடங்கிவிட்டனர். அத்தம்பதியரின் அனுமதியுடனேதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே எங்கே தங்குவது என்பது வெறும் வசதிக் கணக்காக இருக்கவில்லை. இளைஞர்கள் குமுளியில் தங்கலாம் என்றனர். தேக்கடிப் படகுத்துறை அங்கே அருகில்தான். ஆனால் அது சுற்றுலாக் கூட்டத்தை நம்பி வாழும் ஊர். அறை வாடகை மிகுதி. மாலையானால் கடைத்தெருவைச் சுற்றுவதைத் தவிரக் குடும்பத்தோடு செய்வதற்கு அதிகமில்லை. தேனியில் தங்கினால் ரெயிலுக்கு வசதி. எனினும் கம்பத்துக்கு மட்டும் நாள்தோறும் 40 கி.மீ. போக வேண்டும், திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்கு வண்டிதான் நினைவிலிருக்கும், மலை இராது.

முடிவில் உத்தமபாளையத்தைத் தேர்ந்தோம். ஒருபுறம் கம்பம், மறுபுறம் சின்னமனூர், இரண்டும் ஏறக்குறைய 10 கி.மீ. தொலைவுதான். அருகிலேயே கத்தோலிக்க மக்கள் நிறைந்த இராயப்பன்பட்டி. பெயரைக் கேட்டதுமே முதல் திருத்தந்தையின் நினைவு வருகிறதல்லவா! அங்கே காலைத் திருப்பலி முடித்து வெளியே வந்தால், சிறிது தூரத்திலேயே திராட்சைப் பந்தல்கள் தொடங்கிவிடுகின்றன.

2023ஆம் ஆண்டு ஜூன் முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரம் மும்முறை இரவு ரெயில் ஓடுகிறது. காட்பாடி, சேலம், கரூர், மதுரை வழியாகக் காலையில் தேனியை அடைகிறது. அதில் இறங்கிப் பேருந்தில் ஏறினோம்.

முதல் நாள் சுருளி அருவி. நீர்வரத்து மிகுந்தாலோ, யானைகள் நடமாடினாலோ அங்கே குளிக்க விடமாட்டார்கள். காலையில் விசாரித்துவிட்டுப் புறப்படுதல் நலம். தங்குமிடம் அருகிலிருந்தால், வழி அடைபட்டாலும் நாள் வீணாவதில்லை. மறுநாள் சின்னமனூரிலிருந்து மேகமலை. 18 கொண்டையூசி வளைவுகளுக்கும் மலர்ப் பெயர்கள் சூட்டியிருக்கின்றனர். பிள்ளைகள் அவற்றை உரக்க வாசித்துக்கொண்டே வந்தனர். பாதிக்கு மேல் இருவருக்கு வாந்தி. புளிப்பு மிட்டாய் கைவசம் இருக்கட்டும்.

தேக்கடிக்குப் போவோர் படகில் உயிர்காப்பு உடையை அணிந்து, தம் இருக்கையை விட்டு எழாதிருக்க வேண்டுகிறேன். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை மறந்துவிடலாகாது. நாங்கள் லோயர் கேம்ப்போடு திரும்பிவிட்டோம். 1895இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக்குக்கு அங்கே 2013இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் இருக்கிறது. மேற்கே பாய்ந்துகொண்டிருந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை அது. அந்நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் நெல் விளைகிறது. அந்த ஆங்கிலேயரின் பிறந்த நாளில் இங்குள்ள உழவர்கள் பொங்கலிடுகின்றனர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு.

மூன்றாம் நாள்தான் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலின் கீழ் குனிந்து நுழைந்தோம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே பச்சை நிழல். தலைக்கு மேல் கருநீலக் குலைகள். பன்னீர் திராட்சை என்னும் இவ்வினத்தை 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வர். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு பல இடங்களில் ஆண்டுக்கொரு பருவம் காய்க்க, இங்கோ கவாத்துச் செய்த நான்கு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் முறை மாறுவதால் ஆண்டு முழுவதும் அறுவடை. பறித்ததை அப்படியே வாயில் போட வேண்டாம்; மருந்து தெளித்திருப்பார்கள், கழுவியே உண்ணுங்கள்.

ஒயின் ஆலையை எங்கள் பட்டியலில் நான் சேர்க்கவேயில்லை. ஆயினும் பேச்சு எப்படியோ அங்கே போய்விட்டது. பழத்தில் ஒரு பங்கு ஆலைக்கும் போகிறது என்று தோட்டக்காரர் சொல்ல, எங்களில் ஒருவர் விளையாட்டாக, "அப்படியென்றால் ஆளுக்கொரு புட்டி வாங்கிக்கொள்ளலாமே!" என்றார். சிலர் சிரித்தனர். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் பேச்சை மாற்ற வாயெடுப்பதற்குள் அவர் கணவரே முன்வந்து, "அண்ணே, நான் குடித்துக் கெட்டவன். தொட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. புட்டி வேண்டாம், பழமாக வாங்குங்கள், எல்லாருக்கும் நானே சுமந்து வருகிறேன்" என்றார். அவருடைய மூத்த மகன் பக்கத்தில்தான் நின்றான். அந்தச் சொல்லைத் தந்தையின் வாயிலிருந்து அவன் கேட்டது அதுவே முதல் முறை என்று பிறகு அறிந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டக்காரர் போய் இரண்டு பெட்டிகளில் பழம் அடுக்கிக் கொண்டுவந்தார்.

சொன்னபடியே அவர்தான் அவற்றைச் சுமந்தார். ஒன்றைத் தூக்க மகன் கேட்டபோது தயங்கிக் கொடுத்தார். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது, நெடும்பயணம் தாங்காது. சென்ட்ரலில் மின்சார ரெயில் மாறி ஆவடியில் வந்திறங்கும்போது பாதிப் பழம் நசுங்கி, பெட்டியின் அடியில் சாறு கசிந்துகொண்டிருந்தது. மறுநாள் மாலை அந்தத் தாய் அதைச் சர்க்கரையிட்டுக் காய்ச்சி வடிகட்டி, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு அரைத் தம்ளர் கொடுத்தனுப்பினார்.