பவளத்துக்கு வயசு நாலாயிரம்

ராத்திரி பத்தரை மணிக்குமேல் எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்துவிடுவார்கள். நான் மட்டும் செல்போனில் கடலடி பார்த்துக்கொண்டிருப்பேன். 'நாட்டிலஸ்' என்ற ஆய்வுக் கப்பல், கேமரா பொருத்திய ஆளில்லா இயந்திரத்தை ஆழ்கடலில் இறக்கி, அது காண்பதை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறது. ஹவாய் தீவுகளில் காலை என்றால் நமக்கு ராத்திரி. எனக்கு வசதி! 2022-ல் அந்தப் பக்கத்துக் கடலடி மலை ஒன்றின் உச்சியில், செங்கல் பதித்த பாதை மாதிரி ஒரு பாறைத்தரை தெரிந்தது. எரிமலைப் பாறை சூடாகிக் குளிர்ந்து விரிசல் விட்டதில் விழுந்த கோடுகள்தான். "அங்க போய் யாரும்மா ரோடு போட்டது?" என்றாள் மகள்.

ஹவாய் தீவுகளை ஒரு பெரிய குடும்பம் என்றே நினைத்துக்கொள்வேன். பூமிக்குள் ஓரிடத்தில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கிறது. அதன்மேல் தரைத்தட்டு மெல்ல வடமேற்காக நகர்கிறது. அங்கே எழும் எரிமலை தீவாகி, நகர்ந்து, ஆறி, மறுபடி கடலுக்குள் அமிழ்ந்துவிடும். அப்படி அமிழ்ந்த மூத்தவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வரிசையாக நிற்கிறார்கள். கடைக்குட்டியின் பெயர் கமாஎஹுவாகனலோவா. அதன் தலை இன்னும் கடல் மட்டத்துக்குச் சுமார் 1 கிலோமீட்டர் கீழே இருக்கிறது.

இந்த மலைகளில் மோதும் நீரோட்டம், பாறையில் சேறு படியாமல் கழுவிவிடுகிறது. கூடவே தீனியும் கொண்டுவருகிறது. வெயில் எட்டாத ஆழத்தில் பவள உயிர்கள் பாறையைப் பற்றிக்கொண்டு, வருவதைப் பிடித்துச் சாப்பிட்டு, மரம் மாதிரிக் கிளை விடுகின்றன. அவற்றைச் சுற்றி நண்டு, நட்சத்திர மீன், மீன் கூட்டம். ஹவாய்க் கடலில் எடுத்த ஒரு கருப்புப் பவளத்தின் வயது 4,265 ஆண்டுகள் என்று 2009-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். நம் சங்கப் புலவர்களுக்கு முன்பே, இரண்டாயிரம் வருஷமாக அது அங்கே நின்றிருக்கிறது!

மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, "செவ்வாய்க்குப் பவள மோதிரம் போடுங்க" என்றார் ஜோசியர். கடையில், "இது எந்தக் கடல் பவளங்க?" என்று கேட்டேன்.

"இத்தாலிம்மா. ஒரிஜினல்."

"எப்படித் தெரியும்?"

"எங்களுக்குக் கொடுக்கிறவர் சொன்னாரு."

உண்மையாகவே இருக்கலாம். ஆனால், 1960-களில் ஹவாய்க்கு வடமேற்கே உள்ள மலைகளிலும் நகைப் பவளம் கிடைப்பது தெரிந்து படகுகள் குவிந்தன. கல் கட்டிய வலையை மலைமேல் இழுப்பார்கள். சிக்கியது நகைக்கு, முறிந்து விழுந்தது போனதுதான். நாங்கள் புதிதாக வாங்கவில்லை. என் பாட்டியின் மாலையிலிருந்து ஒரு மணியை எடுத்து மோதிரமாகக் கட்டிக்கொடுத்தோம். ஜோசியருக்கும் ஆட்சேபணை இல்லை.

பவளப் படகுகளைவிட மீன் கப்பல்கள் செய்த சேதம் பெரிது. 1960-களின் கடைசியில் சோவியத், ஜப்பான் கப்பல்கள் கனமான இழுவலைகளோடு வந்தன. பத்து வருஷத்துக்குள் அந்த மலைகளின் மீன் கூட்டமே வற்றிவிட்டது. வலை போன வழியெல்லாம் மொட்டைப் பாறை.

1977-ல் அமெரிக்கா தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்பிடிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும், ஹவாய்ப் பக்கத்து மலைகளில் இழுவலை நின்றது. 2006-ல் அந்தக் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. 2016-ல் அது சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிந்தது. தமிழ்நாட்டைப்போல் பதினோரு மடங்கு! பெயர், பாப்பஹானௌமொகுவாகேயா. அந்தத் தீவு மக்களின் பூமித்தாயையும் வானத்தந்தையையும் சேர்த்து வைத்த பெயர். வாய்க்குள் நுழைய எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஆனால் கோட்டுக்கு வடக்கே, பொதுக்கடலில் நிற்கும் மலைகளுக்கு அந்தச் சட்டம் செல்லாது. அங்கே பிறகும் வலை இழுத்தார்கள். ஒரே தொடரைச் சேர்ந்த மலைகள்தான். நடுவில் மனிதர் போட்ட கோடு மட்டும். இரண்டு பக்கமும் கேமரா இறக்கிப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. வலை ஓயாத மலைகளில் பெரும்பாலும் வெறும் பாறை. முப்பது, நாற்பது வருஷம் சும்மா விடப்பட்ட மலைகளில், வலை கீறிய தழும்புகளின்மேலேயே புதுப் பவளங்கள் ஒட்டி வளர்ந்துகொண்டிருந்தன. முறிந்து கிடந்த சில துண்டுகளும் மறுபடி துளிர்த்திருந்தன.