பாவு நீட்டிய தெருவில் ஒரு ராஜபாளையம்

பட்டுப் பாவை வீதியில் இழுத்துக் கட்டியிருக்கும் விடிகாலை நேரத்தில், களம்பூர் நெசவாளர் தெருவுக்குள் சைக்கிளில் வருகிறவர்கள்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள் நான்கைந்து வீட்டு வாசல்களைத் தாண்டி நீண்டிருக்கும். ஓர் இழை அறுந்தாலும் முனையைத் தேடிப் பிடித்துப் பிணைக்க வேண்டும். சென்ற தை மாதம் அப்படியொரு பாவுக்குள், சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்த ராஜபாளையம் நாய் ஒன்று பாய்ந்துவிட்டது. பாதிப் பாவு குலைந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு குடும்பங்கள் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்தன. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி என்றிருக்கும் தொழிலில் அது பெரிய இழப்பு.

அந்த நாய் என் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. பெயர் ராஜா. மூன்று வயது, 30 கிலோ எடை, பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. குட்டியாக இருந்தபோது தெருவே தூக்கிக் கொஞ்சியிருக்கிறது. வளர்ந்த பிறகு சங்கிலியிலேயே கிடந்தது. கூப்பிட்டால் வராது, திட்டினால் அடங்காது, தூங்கும்போது தொட்ட குழந்தையின் கையைக் கவ்வியும் விட்டிருந்தது. பாவு அறுந்த பிறகு தெருவில் இரண்டே யோசனைகள்தான் ஓடின: வண்டியில் ஏற்றி ஜவ்வாது மலை அடிவாரத்தில் விட்டுவிட்டு வருவது, அல்லது இன்னும் தடிமனான சங்கிலி வாங்குவது.

“பழக்கினால் பழகும்” என்று அக்கா பலமுறை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். “அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாம்மா?”

வேலூரில் இருக்கும் ஓய்வுபெற்ற காவல்துறை நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரை அழைத்துக்கொண்டு காட்பாடியில் ரயிலேறி ஆரணி ரோடு நிலையத்தில் இறங்கினேன். நிலையத்தின் பெயர்தான் ஆரணி ரோடு. அது இருப்பது களம்பூரில். வெளியூர்க்காரர்களுக்குக் களம்பூர் என்றால் அரிசி. நெசவு, தெருவுக்குள் நடந்தால்தான் தெரியும்.

வழியில் அவர் தன் தொழிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். காவல்துறையில் நாயை மட்டும் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். அதைப் பிடிக்கப்போகும் ஆளும் கூடவே போக வேண்டும். நாய் கற்பதைவிட ஆள் கற்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும் என்றார். நம் ஊர் நாய்களுக்குப் படிப்பு ஏறாது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் பிரிவின் மையத்தில் கர்நாடகத்து முதோல் நாய்களைப் பழக்கியதை எடுத்துச் சொன்னார். 2005-ல் தபால் தலையில் இடம்பெற்ற நான்கு இந்திய நாய் இனங்களில் ராஜபாளையமும் ஒன்று என்பதையும் பெருமையாகச் சொன்னார்.

ராணுவ நாய்களின் கதையைப் பெரியவரிடம் சொன்னபோது, “அது மிலிட்டரி, இது வீடு” என்று முடித்துவிட்டார். அவர் மருமகளுக்கு வேறு பயம். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியை டிவியில் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 நாய் இனங்களுக்குத் தடை கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் ராஜபாளையம் இல்லை என்று சொன்னேன். “பட்டியல்ல இல்லன்னா கடிக்காதா சார்?” என்றார். நியாயமான கேள்வி. இனத்தின் பெயரைச் சொல்லி நாயைப் பழிப்பதும் சரியல்ல, அதே பெயரைச் சொல்லி உத்தரவாதம் தருவதும் சரியல்ல.

பயிற்சியாளர் இந்தப் பேச்சு எதிலும் சேரவில்லை. நாயின் பக்கமும் போகவில்லை. திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். குழித்தறியில் பெரியவரின் மகன் நெய்துகொண்டிருந்தார். மிதிகட்டை இறங்கி ஏற, நாடா குறுக்கே ஓட, ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரண்டன. தறிக்குழியை ஒட்டிய மண்தரையில் ராஜா தாடையைப் பதித்துப் படுத்திருந்தது. நூல் அறுந்து மகன் தறியை நிறுத்தினார். அந்தக் கணமே நாய் தலையைத் தூக்கியது. தறி மறுபடி ஓடியதும் தலை தரைக்குத் திரும்பியது.

“இத எப்பவும் செய்யுதா?” என்றார் பயிற்சியாளர்.

“ஆமா சார், தறி நின்னா எழுந்துக்கும்.”

அவர் ஒரு சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். நாய் வேறு பக்கம் பார்த்திருந்தபோது பின்னால் போய், நிழல் விழாதபடி நின்று, கொத்தைப் பலமாகக் குலுக்கினார். அடுத்த அறையில் இருந்த குழந்தை ஓடிவந்து எட்டிப் பார்த்தது. நாயின் காது மடல்கூட அசையவில்லை. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார், அசைவில்லை. தட்டைத் தரையில் போடக் கூடாது, அதிர்வில் திரும்பிவிடும், பிறகு காது கேட்கிறதென்று ஏமாந்துபோவோம் என்று மெதுவாக விளக்கினார். கடைசியாகக் குதிகாலால் தரையை ஒரு மிதி மிதித்தார். ராஜா விருட்டென்று திரும்பி அவரைப் பார்த்தது.

பெரியவர் திண்ணையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். மூன்று வருடமாக அடமென்றும் திமிரென்றும் அடி வாங்கியதெல்லாம் காது கேளாமைதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ராஜபாளையம், டால்மேஷன் போன்ற வெள்ளை நாய்களில் இது அபூர்வமில்லை. ரோமத்துக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உள்காதிலும் வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். தூக்கத்தில் கவ்வியதும் இதனால்தான். யாரோ வரும் சத்தம் கேட்காமல் திடீரென்று ஒரு கை மேலே விழுந்தால் எந்த உயிரும் பதறும்.

பெரியவரின் பழமொழிக்கும் பயிற்சியாளர் பதில் சொன்னார். குட்டிப் பருவத்தில்தான் மனிதர்களோடு பழகுவது எளிது என்பது உண்மைதான். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-ல் வெளியிட்ட நூலிலேயே, மூன்றாவது வாரம் தொடங்கிச் சுமார் பன்னிரண்டாவது வாரம் வரையான காலத்தின் முக்கியத்துவத்தைக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கற்பது கடினமாகலாம், நின்றுபோவதில்லை.

பிறகு தொடங்கியது வேலை. வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டல் கடலை அளவுக்கு நறுக்கச் சொன்னார். முதல் பாடம், முகத்தைப் பார்ப்பது மட்டும். நாய் தானாகத் திரும்பி அவர் கண்ணைப் பார்த்த நொடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, ஒரு துண்டு ஈரல். மறுபடி பார்த்தால் மறுபடி கட்டைவிரல், மறுபடி ஈரல். கொஞ்ச நேரத்தில் ராஜா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்தது தரையில் மிதித்துக் கூப்பிடுவது. அதன் பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிற்பது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டவே இல்லை. உடனே ஓய்வு.

“ஒரு வீட்ல நாலு பேரு நாலு சைகை காட்டுனா நாய் என்ன செய்யும்? எல்லாரும் ஒரே மாதிரி காட்டணும். தொடறதுக்கு முன்னாடி தரைய மிதிங்க, இல்லன்னா மூக்குக்கு முன்னாடி கைய நீட்டுங்க. அடி வேண்டாம்பா. எங்கிருந்து விழுதுன்னே தெரியாத அடியில அது பயத்தை மட்டும்தான் கத்துக்கும்.”

தாரில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்த மருமகள் அப்போது சொன்னது எனக்கு மறக்காது. “தறிக்குப் புதுசா வர்ற பையன் நூலை அறுத்துக்கிட்டேதான் கத்துக்கறான். அவனை அடிச்சா நாடாவைத் தொடவே பயப்படுவான்.” பெரியவரைத் திருப்பியது பயிற்சியாளரின் அனுபவமோ என் தகவல்களோ அல்ல என்று நினைக்கிறேன், மருமகளின் இந்தப் பேச்சும் கண்ணால் பார்த்த அந்தக் குதிகால் மிதியும்தான்.

நெசவு வீடு நாய் பழக்கத் தோதான இடம் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. பகல் முழுக்க யாராவது வீட்டில் இருக்கிறார்கள். ஒரு தார் தீர்ந்து அடுத்ததை நாடாவில் போடும் இடைவெளியில் ஒரு பாடம் முடிந்துவிடும். காலையும் மாலையும் நீளமான பருத்திக் கயிற்றில் பிடித்து நடத்த வேண்டும், இழுத்தால் நின்றுவிட வேண்டும், கயிறு தளர்ந்தால் மட்டும் அடுத்த அடி என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓயாமல் கட்டிப்போட்டிருக்கும் நாய்க்கு நடை கொடுக்காமல் விடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னார். மிரட்டும் குரலில் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்ற குரலில்.

ஆடி மாதம் மறுபடி போனேன். பாவு நீட்டியிருந்த காலையில் ராஜாவைக் கயிற்றோடு மகன் ஓரமாக நடத்திவந்தார். உள்ளங்கை விரிந்ததும் நின்றது. மோட்டார் பைக்கைக் கண்டால் இன்னும் இழுக்கிறது. பாவுக்காரர்களில் ஒருவர் இப்போதும் தள்ளிப் போகச் சொல்லிக் கத்துகிறார்; அவருடைய பாவு அறுந்ததல்லவா, கத்தத்தான் செய்வார். குழந்தைகள் மட்டும் வாசலில் குதிகாலால் மிதித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள்.

மிச்சமிருப்பது ஒரு பேச்சு. போளூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் பெட்டை நாயோடு ராஜாவைச் சேர்க்கக் கேட்டிருக்கிறார், ஒரு குட்டி தருவதாகச் சொல்லி. காது கேளாமை மரபு வழியே அடுத்த ஈற்றுக்கும் இறங்கலாம், சேர்க்கவே கூடாது, கருத்தடை செய்துவிடுங்கள் என்று பயிற்சியாளர் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நானும் அன்று முழுக்க அதையேதான் பேசினேன். ஒரு ராஜபாளையம் குட்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று பெரியவருக்குத் தெரியும். ஒரு செவிட்டு நாய் மூன்று வருடம் பட்டதும் இப்போது தெரியும். கடைசியில், ஆவணி முகூர்த்தத்துக்கான சேலைகளை அறுத்துக் கொடுத்ததும் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்.