மின்கார் எப்போது வரும்?

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டில் வானம் பார்த்து வாழ்வோர் நாங்கள். "மழை எப்போது வரும்?" என்பதே எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வினா. 2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை, என் தங்கை மகன் வேறொரு வினாவோடு வந்து திண்ணையில் அமர்ந்தான்.

அவன் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். வண்டி தேய்ந்துவிட்டது, வருவாயில் பாதியை டீசலே விழுங்கியது.

"மாமா, தூத்துக்குடியை அடுத்த சில்லாநத்தத்தில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை, ஆகஸ்டு 4ஆம் நாள் திறக்கப்பட்டதே! ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யுமாம். நம் மாவட்டத்திலேயே செய்யும் கார் நம்மூருக்குத்தானே முதலில் வரும்? இப்போதே கடன் வாங்கிவிடலாமா?" என்றான். கடனுக்கு ஈடாக அவனிடம் இருந்தது என் தங்கையின் இரண்டு ஏக்கர் நிலம் ஒன்றே.

"ஆலை அருகில் இருப்பது வேறு, பொருள் கைக்கு எட்டுவது வேறு. அந்நிறுவனம் இந்தியாவில் தன் முதல் விற்பனைக்கூடத்தை ஜூலை மாதமே திறந்தது. ஆனால் திறந்த ஊர் குஜராத் மாநிலத்துச் சூரத்! வாங்குவோர் திரண்ட இடத்தை நாடியே வாணிகம் செல்லும்" என்றேன்.

"அப்படியானால் வரவை எவ்வாறு முன்னறிவது?"

"மூன்று அடையாளங்களைப் பார். விற்போர் அருகில் இருத்தல் வேண்டும். பழுது பார்ப்போர் இருத்தல் வேண்டும். நீ செல்லும் மதுரைச் சாலையிலும் நெல்லைச் சாலையிலும் மின்னேற்றும் நிலையங்கள் போதிய அளவு இருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் கண்டு துணிவது, முதல் மேகத்தை நம்பி விதைப்பதற்கு ஒப்பாகும்."

"அதுவரை கைகட்டி இருப்பதா, மாமா?"

"இல்லை மாப்பிள்ளை. நம் உழவர் பருவமழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கின்றனர் அல்லவா? ஆயினும் இரண்டு அங்குல ஆழத்தில் விதைக்கின்றனர். சிறு தூறலுக்கு அவ்விதை முளைப்பதில்லை. மண் நனைய மழை பெய்தால்தான் முளைக்கும். நம்மூரில் 1901இல் தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இம்முறையையே பரிந்துரைக்கின்றது."

அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து சென்றான்.

நிலம் அடகு போகவில்லை. பழைய வண்டியைச் செப்பனிட்டுக்கொண்டான். நாள்தோறும் ஓடும் தொலைவையும் டீசல் செலவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதலானான். செல்லும் வழியில் மின்னேற்றும் நிலையம் எதனைக் கண்டாலும் அதையும் குறிக்கின்றான். திங்கள்தோறும் ஒரு தொகையைச் சேமித்தும் வருகின்றான்.

அக்குறிப்பேடும் சேமிப்புமே அவன் ஆழ ஊன்றிய விதைகள். நல்ல மழை பெய்யும் நாளில் அவை முளைக்கும். தூறலைக் கண்டு ஏமாறா.