பானை செய்பவர்களுக்கு எதற்கு மாநாடு?

"பானை செய்யறவங்களுக்கெல்லாம் மாநாடு நடக்குதா?" இந்தக் கேள்வியை நம்ம பட்டுக்கோட்டையில் எத்தனையோ பேர் சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்காங்க. கட்சிக்கு மாநாடு, டாக்டருக்கு மாநாடு, சரி. மண்ணைப் பிசையறவருக்கு எதுக்கு? நியாயமான கேள்விதான். கொல்லையில ஒரு சக்கரத்தைப் போட்டுக்கிட்டு, கண்காட்சி, பட்டறைன்னு வருஷக்கணக்கா புதுச்சேரிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிக்கிட்டிருக்கிற ஆள்ங்கற முறையில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1952 ஜூலையில் இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹாலில் குயவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. அந்த இடத்தை நடத்திய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், அதற்கு முன்னால் தாகூரோடு சேர்ந்து ஸ்ரீநிகேதனில் வேலை பார்த்தவர். மாநாட்டுக்கு வந்தவர்களில் பெர்னார்ட் லீச், ஹமாடா ஷோஜி, யனாகி சோயெட்சு மூவரும் முக்கியமானவர்கள். லீச்சும் ஹமாடாவும் 1920லேயே ஜப்பானிலிருந்து ஒண்ணாக் கிளம்பிப் போய் இங்கிலாந்தில் சூளை கட்டிய சிநேகிதர்கள். மாநாடு முடிந்ததும் மூணு பேரும் அமெரிக்காவைச் சுற்றினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் சூசன் பீட்டர்சன் என்ற ஆசிரியைக்கு ஹமாடாவின் பழக்கம் ஏற்பட்டது அப்போதுதான்.

அந்த அம்மாவிடம் பிறகு படித்தவர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும். டெபோரா ஜப்பானுக்கும் போய்த் தொழில் கற்றவர். இரண்டு பேரும் சேர்ந்து 1971ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அங்கே வேலை பழகியவர்கள் தனியாகப் பட்டறை போட்டார்கள். இன்றைக்குப் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு பார்க்கிற பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் இருக்கிற கதை இதுதான். ஒரு மாநாட்டில் ஆரம்பித்த பழக்கம் சுற்றிச் சுற்றி நம்ம ஊரிலிருந்து 200 கி.மீ. சொச்சத்தில் வந்து நிற்கிறது. எதுக்கு மாநாடுன்னு கேட்டா நான் சொல்ற முதல் பதில் இதுதான்.

இரண்டாவது பதில் சூளை. ஸ்டோன்வேர் என்கிற வகைப் பாண்டம் வேக 1,280, 1,300 டிகிரி சூடு வேணும். சவுக்கு விறகு போட்டால் ராத்திரி பகலாக ஆள் மாற்றி ஆள் நிற்கணும். தனி ஆளால் முடியாது. அடுத்த பட்டறைக்காரர் வந்து நிற்பார், அவர் சூளை போடும்போது நாம போய் நிற்கணும். விறகு தள்ளிக்கிட்டே பேசுகிற பேச்சில்தான் பாதிப் படிப்பு. யாருடைய பாண்டம் ஏன் விரிந்தது, எந்தப் பூச்சு ஏன் வழிந்து தட்டோடு ஒட்டியது, எல்லாம் அங்கே வெளியே வந்துடும்.

2018ல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் 'பிரேக்கிங் கிரவுண்ட்' என்ற பெயரில் நடந்த இந்தியாவின் முதல் செராமிக்ஸ் டிரினாலே கூட அப்படித்தான். அதைக் கூட்டி நடத்திய ஆறு பேருமே கலைஞர்கள். அவர்களில் பலர் புதுச்சேரியில் மண் பிசைந்தவர்கள்.

அந்தக் கண்காட்சி முடிகிற வாரத்தில்தான், நவம்பர் 16 விடிகாலை, இங்கே கஜா புயல். தென்னை போனது உங்களுக்குத் தெரியும். எங்க ஊருக்கு வெளியே ஒரு வேளார் அண்ணன் இருக்கார். எனக்குச் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். அவர் கொட்டகை பறந்துடுச்சு. காய வச்சிருந்த பானை அத்தனையும் மழையில கரைஞ்சு சேறா கெடந்துச்சு. சுடாத பானைக்கு மழை எமன்.

கரண்ட் இல்லாத அந்த நாட்கள்ல புதுச்சேரியிலிருந்து என் தோழி ஒருத்தர், ஸ்டோன்வேர் செய்கிறவர், அரிசி, மெழுகுவர்த்தியோட வந்து இறங்கினார். அண்ணன் வீட்டுக்கும் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா அவங்க ரெண்டு பேரும் சேத்துல உக்காந்திருக்காங்க! அடி இல்லாமல் சக்கரத்தில் எடுத்த பானையை, உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி உருண்டை அடி போடுவாரே அண்ணன், அது தோழிக்கு வரவே இல்லை. விடாம கத்துக்கிட்டாங்க.

பிறகு ஒரு வருஷம் ஒரு கருத்தரங்கில் செய்முறை காட்ட அண்ணனை அழைத்தார்கள். பேர், ஊர் வேண்டாம். போய்ட்டு வந்தவர்கிட்ட "எப்படிண்ணே இருந்துச்சு?"ன்னேன்.

"நல்லா கவனிச்சாங்க தம்பி. கையத் தட்டினாங்க. யாரும் ஒரு கேள்வி கேக்கல."

அப்புறம் பேச்செல்லாம் இங்கிலீஷ்ல நடந்துச்சாம். இவர் வெளியே திண்ணையில உக்காந்திருந்திருக்கார். அவரிடமும் ஒரு கேள்வி இருந்தது. கேட்க வழியில்லாமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்து என்கிட்ட கேட்டார்: "அந்தப் பாப்பா உமிச்சாம்பலப் பூசி சுட்டா கண்ணாடி மாதிரி ஆவுதே. நம்ம சூளையில அது சாம்பலாவே கெடக்கே, ஏன்?"

எவ்வளவு பெரிய கேள்வி பாருங்க! ஹமாடா ஆயுசு பூரா பயன்படுத்திய வெள்ளைப் பூச்சுகளில் ஒன்று நெல் உமிச்சாம்பலில் செய்ததுதான். நம்ம ரைஸ்மில்லில் கொட்டிக் கிடக்கிற அதே சரக்கு. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஃபெல்ட்ஸ்பார் மாதிரி உருக வைக்கிற பொருள் சேர்ந்து, சூடும் 1,280ஐத் தொட்டால் உருகும். வைக்கோலும் மட்டையும் போட்டு எரிக்கிற நம்ம சூளை 900 டிகிரியைத் தாண்டறதே கஷ்டம்.

இதைத் தோழிதான் ஃபோனில் விளக்கினார். அண்ணன் செய்த ஒரு சின்னக் கலயத்தைக் கொண்டு வரச் சொன்னார். ஏரி மண் அந்தச் சூட்டில் உருகிவிடும் என்று தன் மண்ணில் அதே மாதிரி ஒன்று செய்து, உமிச்சாம்பல் பூசிச் சுட்டு அனுப்பினார். அண்ணன் அதுல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சுட்டு காலைல தடவிப் பார்த்தார்.

"இது வேர்க்கவே இல்லியே தம்பி! பானைன்னா வேர்க்கணும். அப்பதான தண்ணி குளிரும்? வேர்க்கவும் வேணும், உரமாவும் இருக்கணும். அதுக்கு வழியிருக்கான்னு பாப்பாவக் கேளு."

தோழிகிட்ட இன்னும் இதுக்குப் பதில் இல்லை. ஆனா அவங்க ரெண்டு பேரும் வாரத்துக்கு ஒருதரம் ஃபோன்ல பேசிக்கறாங்க. என்னைக் கேட்டா அதுதான் மாநாடு :-)

2024ல் ஏரி, குளத்து மண்ணைக் கட்டணம் இல்லாம எடுக்க தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம்னு தமிழக அரசு எளிமையாக்கியது. நல்ல விஷயம். மண் கிடைச்சா தொழில் ஓடும். ஆனா அண்ணன் மகன் திருப்பூருக்குப் போனது மண் கிடைக்காததால மட்டும் இல்லை. "அப்பாவுக்கு என்ன தெரியும்னு யாருமே கேக்கலியே"ன்னு அவன் ஒருதரம் என்கிட்ட சொன்னான்.

அதனால ஒரு வேண்டுகோள். கண்காட்சிக்குப் போனா, வாசல்ல ஒருத்தர் சக்கரம் சுத்திக் காட்டிக்கிட்டு இருப்பார். ஃபோட்டோ எடுங்க, வேணாம்னு சொல்லலை. கூடவே எந்த ஏரி மண்ணு, மணல் எவ்வளவு சேர்க்கறீங்க, எத்தனை நாள் காய வைப்பீங்கன்னு ஏதாவது ஒண்ணு கேளுங்க. அவர் பதிலுக்கு உங்களை ஏதாவது கேட்டா, கொஞ்சம் நின்னு பதில் சொல்லிட்டுப் போங்க.