ஊரே சொல்லும் பெயர்

கிளப்புகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் நவம்பரில் நெருங்க நெருங்க, ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீகில் எந்த இளைஞன் எத்தனையாவதாகப் போவான் என்ற உத்தேசப் பட்டியல்கள் ஒன்றையொன்று ஒத்துப்போகத் தொடங்கும். இத்தனை பேர் ஒரே பெயரைச் சொன்னால் அது சரியாகத்தானே இருக்கும் என்று மனம் சமாதானம் தேடும். ஆனால் அந்த இத்தனை பேரும் தனித்தனியாகவா பார்த்தார்கள்? வீரர்களைத் தேர்வு செய்யும் நாங்கள் எல்லோரும் 18 வயதுக்குட்பட்டோரின் அதே ஆட்டங்களைப் பார்க்கிறோம், அதே 20 மீட்டர் ஓட்ட நேரங்களைக் குறித்துக்கொள்கிறோம், அதே பயிற்சியாளர்களிடம் விசாரிக்கிறோம். கிளப்புகள் 18 என்றாலும் சாட்சியம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ரிஸ்க் என்று நாங்கள் சொல்வதிலும் இதே கோளாறு உண்டு. 2001இல் ஹாதார்ன் லூக் ஹாட்ஜையும், செயின்ட் கில்டா லூக் பாலையும் எடுத்த பிறகே மூன்றாவதாக வெஸ்ட் கோஸ்டிடம் போனார் கிறிஸ் ஜட். அவருடைய தோள்மூட்டுக் காயங்கள் ஊரறிந்தவை. பின்னர் 2004இலும் 2010இலும் லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். அதற்காக ஹாதார்ன் ஏமாந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று கோப்பைகளை வென்ற அணிக்குக் கேப்டன் ஹாட்ஜ்தான். தோள்மூட்டை மருத்துவர் பரிசோதித்து ஒரு கணிப்புச் சொல்லலாம். 'பாதுகாப்பான' பையனிடம் இருக்கும் ரிஸ்க்குக்கோ பெயரே கிடையாது. டிராஃப்ட் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 18 வயது நிரம்ப வேண்டும் என்பது விதி. ஆகவே ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். சீக்கிரம் வளர்ந்த உடம்பால் சம வயதினரை முட்டித்தள்ளுகிறவன் வளர்ந்த ஆண்களிடையே சாதாரணமாகத் தெரியலாம். 2014இல் இரண்டாவதாகப் போன கிறிஸ்டியன் பெட்ராக்கா முதல் ஆட்டம் ஆடும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்து, மறு ஆண்டு முழுவதையும் இழந்தார். அதை எந்தப் பட்டியல் கணித்தது?

முன்னால் எடுக்கப்படுகிறவர்கள் சராசரியாக நன்றாகத்தானே ஆடுகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஒவ்வொரு தேர்வின் மதிப்பையும் குறிக்க 2015இல் லீக் கொண்டுவந்த புள்ளி அட்டவணை முதல் தேர்வுக்கு 3000, நான்காவதற்கு 2034, ஐந்தாவதற்கு 1878 என்று சரசரவென இறங்கியது. ஐந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம் கூட்டத்துக்குத் தெரியும். நான்குக்கும் ஐந்துக்கும் உள்ளது தெரியாது என்பதே என் வாதம். 2004இல் ரிச்மண்ட் நான்காவதாக ரிச்சர்ட் டாம்ப்ளிங்கை எடுத்தது. ஐந்தாவதாக ஹாதார்னுக்குக் கிடைத்த லான்ஸ் ஃபிராங்க்ளின் ஆயிரம் கோல்களைத் தாண்டினார். முடிவு தெரிந்தபின் பொறுக்கியெடுத்த உதாரணம் என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். 1990இல் 79ஆவதாக எடுக்கப்பட்டு, பின்னர் பெரும் வீரரான ஜேம்ஸ் ஹேர்டும் அப்படித்தான். ஆனால் அவரை எடுத்த எசெண்டனே முந்தைய சுற்றுகளில் வேறு பெயர்களைச் சொல்லியிருந்தது! அதை எசெண்டனின் ஞானமாக நான் எண்ணவில்லை. பட்டியலின் அடிப்பாகத்தில் யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியாது என்பதற்கு அது சான்று.

அப்படியானால் பொதுக்கருத்தை வைத்து என்ன செய்வது? அதை விலைப்பட்டியலாகப் படிக்கலாம். நாம் ஐந்தாவது இடத்துக்குத் தகுந்தவன் என்று நினைப்பவனை ஊர் முப்பதில் வைத்திருந்தால், ஐந்திலேயே அவனை எடுப்பது வீண்செலவு. 2018 முதல் டிராஃப்ட் இரவிலேயே தேர்வுகளைக் கைமாற்றிக்கொள்ளலாம் என்பதால், சில இடங்கள் பின்வாங்கி அதற்கு ஈடாக இன்னொரு தேர்வையும் வாங்க முடியும். எங்களைப் போலவே நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காத இன்னொரு கிளப் இருக்கலாம், அதுதான் இதில் ஆபத்து. எனவே எவ்வளவு தூரம் காத்திருப்பது என்பதை நம் பட்டியலின் அடுத்த பெயர்தான் தீர்மானிக்க வேண்டும். அவன் போனாலும் மனமொப்பி எடுக்க இன்னொருவன் இருந்தால் பின்வாங்கலாம். இல்லையென்றால் ஐந்திலேயே அவன் பெயரைச் சொல்லிவிட்டு, மறுநாள் பத்திரிகைகள் கேலி செய்வதைத் தாங்கிக்கொள்ளலாம். இதைச் சொல்வது எளிது. ஊரோடு சேர்ந்து தவறுகிற தேர்வாளரை நிர்வாகம் மறந்துவிடும். தனியாகத் தவறுகிறவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும்.